விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்கப் போனேன்

என் மனைவி விமானம் ஓட்டுகிறாள். நான் நெல் பயிரிடுகிறேன். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்கிறவர் முதலில் சிரிப்பார், அப்புறம் என்னை மேலும் கீழும் பார்ப்பார். பார்க்கட்டும். கயல்விழி என் அத்தை மகள். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வயலில் இறங்கினேன். அவள் படித்துக்கொண்டே போய் ஆகாயத்தில் ஏறினாள். ஏறியவள் இறங்கி வந்து என்னைத்தான் கட்டிக்கொண்டாள். இதில் யாருக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை. அவளுடைய கம்பெனி துபாயில். மாதத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. வேலைக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, நாலைந்து விமானிகள் கூட்டாக வாடகைக்கு எடுத்திருக்கிற அறையில் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான் சீருடை போடுவாள். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் கம்பெனியில் ஒரு பேச்சு கிளம்பியது. வெளியிலிருந்து வந்து போகிற விமானிகள் எல்லோரும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டால் நல்லது, கேப்டன் ஆக்கும்போது அதையும் பார்ப்போம் என்றார்களாம். கயல் கேப்டன் வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

"ஒரு வீடு பார்த்து வச்சிருக்கேன் மாமா. நீங்க வந்து பாருங்க. போறதா வேண்டாமான்னு ரெண்டு பேருமா சேர்ந்து முடிவு பண்ணுவோம்" என்றாள்.

முடிவெடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டது அவளுக்கே விளையாட்டாக இருந்திருக்கும். நான் மோட்டார் கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவன். மழை வந்தால் பயிர் மூழ்குமே என்றும், வராவிட்டால் கருகுமே என்றும் ஒரே நாளில் கவலைப்படுகிறவன். எந்த வண்டியில் ஏறினாலும் ஓட்டுகிறவரிடம் முதலில் "தூங்குனீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். அப்படிக் கேட்டதற்காக ஒரு வேன்காரர் என்னை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார். இறங்கி நடந்தேனே தவிர, கேட்பதை விடவில்லை.

நடவு முடிந்து களையும் எடுத்தாகிவிட்டது. பயிரை என் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பத் தயாரானோம்.

கிளம்புகிற நாள் சரியில்லை என்றாள் அம்மா. அஷ்டமியாம். வேலைக்கு ஒரு நாள் முன்னால் போயாக வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றாள் கயல். அம்மாவிடம் அதற்கும் வழி இருந்தது: பரஸ்தானம். போகிறவர் நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால், அவருடைய பையையாவது நல்ல நேரத்தில் வாசல் தாண்டி வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. கயலின் பெட்டியை முதல் நாள் சாயங்காலமே தெருக்கோடியில் ஆசைத்தம்பி சித்தப்பா வீட்டில் வைப்பதென்று முடிவானது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது நான். போகிற வழியில் எனக்கு ஒரு கவலை வந்தது. காலையில் அவசரத்தில் முக்கியமானதை மறந்துவிட்டால்? உடனே திரும்பி வந்து இரண்டு பேருடைய பாஸ்போர்ட், அவளுடைய விமானி உரிமம், மருத்துவச் சான்று எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டியின் முன் ஜிப்பில் வைத்தேன். எல்லாம் ஒரே இடத்தில் பத்திரம். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

விடிந்து போய்ப் பார்த்தால் சித்தப்பா வீட்டில் பூட்டு தொங்குகிறது. திருப்பனந்தாளில் கட்டிக்கொடுத்த அவர்கள் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதாம். குடும்பத்தோடு கார் பிடித்துப் போய்விட்டார்கள். யாருக்கு எங்கள் பெட்டி நினைவிருக்கும்?

போன் போட்டேன். "பூட்டை ஒடச்சிடாதப்பா, புதுக் கதவு. சாவிய கும்பகோணம் பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து விடுறேன், நீ வந்து வாங்கிக்க" என்றார் சித்தப்பா. உடைக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். பரஸ்தானம் வைத்த வீட்டின் பூட்டை உடைத்துக்கொண்டா பயணம் போவது?

பைக்கை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போனேன். எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் சாவி, மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, உயிரோடு கோழிகூட வரும். எதுவும் தொலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சாவியும் தொலையவில்லை. பஸ்தான் வரவில்லை. வழியில் டயர் பஞ்சர். வந்து சேர்ந்த கண்டக்டர் சாவியை நீட்டியபடி, "பொண்ணு பொறந்திருக்காம், உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு" என்றார். நான் அந்த ஓட்டுநரிடமும் தூங்கினீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையே பதிலாக இருந்தது.

நான் சாவியோடு வீடு திரும்பியபோது எங்கள் விமானம் போயிருந்தது.

அம்மா மட்டும் அசரவில்லை. "பெட்டி நல்ல நேரத்துலதானே கெளம்புச்சு? ஆளுதான் லேட்டு" என்றாள். கயல் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் தூங்குவதற்காக ஒதுக்கி வைத்திருந்த ஒரு நாளை நான் ஜிப்பில் போட்டுப் பூட்டிவிட்டேன். இனி மறுநாள் போனால், போய் இறங்கிய அன்றைக்கே அவள் விமானம் ஓட்ட வேண்டும்.

அன்று ராத்திரியே கிளம்பி, மறுநாள் விடியும் முன்னே விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி ஆட்களுக்குக் கொடுக்கிற சலுகை டிக்கெட் நம் வீட்டுப் பந்தி மாதிரி: விருந்தாளிகள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு இலை மிச்சமிருந்தால் நமக்கு. கடைசியில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். அதில் என்னை உட்கார வைத்துவிட்டு, கயல் முன்னால் விமானம் ஓட்டுகிற அறையில் இருக்கிற மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். முதல் தடவை ஆகாயத்தில் போகிறேன். பயத்தில் கண்ணை மூடினேன், அப்படியே தூங்கிப்போனேன். முதுகு சாய்க்க முடியாத நாற்காலியில் அவள் விழித்துக்கொண்டே வந்தாள்.

துபாயில் இறங்கியதும் என் கண்ணில் பட்டது ஈரமில்லாத மண். கார் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் பளபளப்பு. ஆனால் ஒரு வரப்பு கிடையாது, ஒரு வாய்க்கால் கிடையாது. சாலையோரத்துச் செடிகளுக்குக் கறுப்புக் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போகிறது. அவர்கள் கடல் தண்ணீரையே காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று கயல் சொன்னபோது, கடைமடைக்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

டாக்ஸி ஓட்டியவர் ஒரு பட்டாணியர், இந்தி பேசுகிறவர். கயலை மொழிபெயர்க்கச் சொல்லி அவரிடமும் என் கேள்வியைக் கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "வண்டியிலேயே ஒரு மணி நேரம் தூங்கினாராம், உங்க புருஷன் போலீஸான்னு கேக்கறாரு" என்றாள் கயல். இல்லை, விவசாயி என்று சொல்லச் சொன்னேன். அதற்கு மேல் அவர் மெதுவாகவே ஓட்டினார்.

விமானிகள் கூட்டாக எடுத்திருந்த அறையில் அடுக்குக் கட்டில்கள். சுவர் நெடுகச் சீருடைகள் தொங்குகின்றன. ஆளில்லாமல் பெட்டிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு நாட்டு ஆளுடையது. பார்த்ததும் எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. இவர்கள் எல்லோரும் நிரந்தரமாகப் பரஸ்தானம் வைத்திருக்கிறார்கள்.

கயல் குளித்தாள். சீருடை போட்டாள். தலையை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்கு மேல் போக வேண்டும். ஷூவின் நாடாவை ஒரு தடவை கட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, கட்டியிருந்ததையே அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"தூங்குனியா?" என்றேன்.

"மாமா, ஆரம்பிக்காதீங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கண்ண மூடிட்டுத்தான் இருந்தேன்." நாடாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "இன்னைக்கு முடியலைன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பாத்தியா, ஊர்லேர்ந்து வந்து போறவ, அதான் இப்படிம்பாங்க. நான் மட்டும் இல்ல, இந்த ரூம்ல பெட்டி வச்சிருக்க அத்தன பேரு தலையிலயும் விழும். கேப்டன் லிஸ்ட்டும் போச்சு."

அவள் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் நான் வந்த விமானத்தில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், முத்துப்பேட்டைக்காரர், படகு வேலை பார்த்தவர், இப்போது இங்கே சமையல்காரர். ஏறியதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக் கூடத்தில் படுப்பதுபோலத் தூங்கினார். முன்னால் ஓட்டுகிறவர் விழித்திருப்பார் என்று அவ்வளவு நம்பிக்கை. அதைக் கயலிடம் சொன்னேன்.

"அந்தாளு உன்னைய நம்பித்தானே தூங்குவாரு. நீ யாரை நம்பித் தூங்குவ?"

ஜன்னல் பக்கம் போய் நின்றாள். பிறகு போனை எடுத்து ஆங்கிலத்தில் பேசினாள். சுருக்கமாகத்தான் பேசினாள். வைத்துவிட்டு எனக்குச் சொன்னாள்: களைப்பாக இருக்கிறேன், இன்று ஓட்ட மாட்டேன் என்றாளாம். இன்றைக்குத்தான் ஊரிலிருந்து வந்தாயா என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாளாம். மேலாளரை வந்து பார் என்றார்களாம்.

சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்தாள். படுத்த உடனே தூங்கிவிட்டாள். நான் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவளுடைய வேலை போய்விடுமோ என்று சாயங்காலம் வரை கவலைப்பட்டேன். ஆனால் எழுப்பவில்லை.

அடுத்த நாள் காலையில் வீடு பார்க்கப் போனோம். உயரமான கட்டடம். லிஃப்ட் போகிற வேகத்தில் காது அடைத்தது. குறை சொல்ல முடியாத வீடு. சமையலறையில் சுவர் முழுக்க அலமாரி. குழாயைத் திருகினால் வெந்நீர். ஜன்னலைத் திறந்தால் விமான நிலையம் கைக்கெட்டுகிற தூரத்தில் தெரிகிறது. ஒவ்வொரு விமானமும் எழும்பும்போது கண்ணாடி லேசாக அதிர்கிறது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. சீருடையில் ஒரு கேப்டன், எகிப்துக்காரர், கயலின் கம்பெனிதான். உள்ளே குழந்தை விடாமல் அழுகிறது. இரண்டு நாளாகக் காய்ச்சலாம். அவர் கண் சிவந்திருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். கயலிடம், வீடு நல்ல வீடு, பத்து நிமிஷத்தில் வேலைக்குப் போய்விடலாம் என்றெல்லாம் சொன்னார்.

"தூங்குனாரான்னு கேளு" என்றேன்.

"மாமா, அவரு கேப்டன்."

"அதனாலதான் கேக்கச் சொல்றேன்."

தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்னதை லிஃப்ட் இறங்கிய பிறகுதான் கயல் எனக்குச் சொன்னாள். "பக்கத்துல குடியிருக்கறவனை யாரும் இதைக் கேக்க மாட்டாங்க. உன் வீட்டுக்காரர்தான் முதல் ஆள்" என்றாராம். சொல்லிவிட்டு வேலைக்குத்தான் போனார். எங்கள் தலைக்கு மேல் போன அடுத்த விமானம் அவருடையதாக இருக்குமோ என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

பக்கத்தில் இருந்தாலே தூக்கம் வந்துவிடாது என்று அந்த வீட்டு வாசலில்தான் எனக்கு உறைத்தது. ஆனாலும் கீழே வந்ததும், அவள் கேட்காமலேயே நான் சொன்ன வார்த்தை வேறு: "நான் வந்துர்றேன் கயல். நெலத்தைக் குத்தகைக்கு விட்டுர்றேன். உன் கேப்டன் வேலைதான் முக்கியம்." சொல்லும்போதே குத்தகைக்கு யார் கிடைப்பார்கள் என்று கவலைப்பட்டேன். ஆனால் மனதாரத்தான் சொன்னேன்.

அவள் நடைபாதையிலேயே நின்றுவிட்டாள்.

"இங்க வந்து என்ன பண்ணுவீங்க? ஜன்னல்ல நின்னு ஒவ்வொரு பிளேனா எண்ணுவீங்க. நான் வர்றதுக்குள்ள நாலு தடவ போன் அடிப்பீங்க. நீங்க முழிச்சிருக்கீங்கன்னு எனக்கும் தூக்கம் வராது." பிறகு கொஞ்சம் குரல் தணிந்தது. "நான் நல்லாத் தூங்குறது நம்ம வீட்லதான் மாமா. மோட்டார் சத்தம் கேட்டுக்கிட்டே. அத விட்டுட்டு இங்க வந்தா பக்கத்துல இருப்பேன், அவ்வளவுதான்."

மத்தியானம் முத்துப்பேட்டைக்காரர் வேலை பார்க்கிற மெஸ்ஸில் சாப்பிட்டோம். விமானம் இறங்கும்போதே முகவரி சொல்லியிருந்தார். மீன் குழம்பு ஊற்றிவிட்டு, "மீனு ஐஸ் மீனுதான். ஆனா புளி நம்ம ஊரு புளி" என்றார். நம் ஊர்ப் புளிதான், சந்தேகமில்லை. கயல் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டவர், தெரிந்ததும் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு அவள் இலையில் இன்னொரு துண்டு மீன் வைத்துவிட்டுப் போனார். எனக்கு வைக்கவில்லை.

அங்கிருந்து அவள் மேலாளரைப் பார்க்கப் போனாள். நான் மெஸ் வாசலில் உட்கார்ந்து டீயாகக் குடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். மேலாளர் கெட்டவர் இல்லையாம். எங்கே குடியிருக்கப் போகிறாய் என்று மரியாதையாகத்தான் கேட்டாராம்.

"ஊர்லதான் இருப்பேன்னு சொன்னேன். ஒரு நாள் முன்னாடி வந்துருவேன், வர முடியாமப் போனா நேத்து சொன்ன மாதிரி சொல்லிருவேன்னு சொன்னேன். அப்புறம் நீங்க கேக்குற கேள்வியச் சொன்னேன் மாமா. எங்க இருக்கன்னு கேக்கறீங்களே, தூங்குனியான்னு எல்லாரையும் கேளுங்க, பக்கத்துல இருக்கறவங்களையும் கேளுங்கன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"எழுதி வச்சுக்கிட்டாரு. இந்தத் தடவ கேப்டன் லிஸ்ட்ல என் பேரு இல்லன்னும் சொல்லிட்டாரு."

டீ ஆறிப்போயிருந்தது. அவள் அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். ஊருக்குப் புளி வாங்கிப் போகலாமா, அத்தை சிரிப்பார்கள் என்றாள். வாங்கினோம். பழைய தஞ்சாவூர் ஜில்லாவுக்கே துபாயிலிருந்து புளி கொண்டுவந்த முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

நான் மட்டும் ஊர் திரும்பினேன். டீக்கடையில் டிராக்டர் கோவிந்தராஜ் காத்துக்கொண்டிருந்தார். வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர். "என்ன மாப்ள, எப்ப குடி மாத்தறீங்க? டிராக்டர் நிக்கிற எடத்துலதானய்யா டிரைவர் இருக்கணும்? பிளேன் அங்க நிக்கிது, ஓட்டறவ இங்க இருந்தா எப்படி?" என்றார். கடையில் நாலு பேர் சிரித்தார்கள்.

நான் பெரும்பாலும் சண்டைக்குப் போகிறவன் இல்லை. அன்றைக்குப் போனேன். எங்கள் வாய்க்காலில் தண்ணீருக்கு முறை உண்டு. அவரவர் முறை வரும்போது அவரவர் மதகில் நிற்க வேண்டும். நின்றால் தண்ணீர், தூங்கினால் அடுத்தவனுக்கு. கோவிந்தராஜ் வீடு மதகை ஒட்டியே இருக்கிறது.

"அண்ணே, ஒங்க வீட்டு வாசல்லேர்ந்து மதகு தெரியும். போன முறை தண்ணி வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் டீ கிளாஸைப் பார்த்தார்.

"தூங்கிட்டிருந்தீங்க. அவ்வளவு தூரம் தில்லைவிளாகத்துலேர்ந்து வர்றாரே குத்தகைக்காரரு, அவரு முன்னாடியே வந்து மண்வெட்டியோட உக்காந்திருந்தாரு. யாரு வயல்ல தண்ணி ஏறுச்சு?"

அப்போதும் நாலு பேர் சிரித்தார்கள். அதே நாலு பேர்தான். கோவிந்தராஜ், "நெல்லும் பிளேனும் ஒண்ணா?" என்று முணுமுணுத்தார். ஒன்று இல்லைதான். பிளேனில் தூங்கிவிட்டால் அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. அதனால்தான் தூரத்தை அளக்காதீர்கள், தூக்கத்தைக் கேளுங்கள் என்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் இருக்கட்டும், அது அவர்கள் சௌகரியம். என் மனைவி எங்கே தூங்கினால் கண் தெளிந்து எழுவாளோ அங்கேதான் அவள் வீடு. கேப்டன் வரிசையில் நிற்க வேண்டுமானால் இன்னும் கொஞ்ச நாள் நிற்போம். கடைமடைக்காரனுக்குக் காத்திருப்பது புதிதா?

அம்மா இன்றைக்கும் பரஸ்தானம் வைக்கிறாள். நான் குறுக்கே நிற்பதில்லை. பெட்டி நல்ல நேரத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறது. அதில் துணியும் முறுக்கும் மட்டும்தான். உரிமமும் பாஸ்போர்ட்டும் கயலின் தோள் பையில். அவை அங்கே இருக்கின்றனவா என்று நான் திறந்து திறந்து பார்க்கிறேன், அது வேறு விஷயம். சித்தப்பாவின் பேத்தி இப்போது அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறாள்.

ஒவ்வொரு தடவையும் சீருடை போடுவதற்கு முன்னால் கயல் எனக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்புவாள்: தூங்கிட்டேன். அது வந்த பிறகும் அவள் இறங்குகிற வரை எனக்கு நிலைகொள்ளாது. வரப்பில் நடப்பேன். மோட்டார் கொட்டகைப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

போன வாரம் அந்த வார்த்தை வரவில்லை. வேறு வந்தது: தூங்கலை, போகலை.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக் கட்டிலில் சாய்ந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வந்து உலுக்கி எழுப்பும்போது வயலில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததாம்.